வாய் எப்படி ஊறுகிறது? விலங்குகளின் உமிழ்நீரும் நரம்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் வீட்டு மாடியில் பியூசி பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள். உமிழ்நீரை நரம்பு எப்படி ஆள்கிறது என்பது அவர்கள் புத்தகத்தில் அரைப் பக்கம்கூட வராது, ஆனால் வருடா வருடம் அதிகம் கேள்வி வருவது அங்கேதான். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற அம்மாவும் நாய் பூனை வளர்க்கிற அக்கம்பக்கத்தாரும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

எச்சில் தானாக ஊறுவதுதானே? அதற்கு நரம்பு எதற்கு?

வயிற்றுக்கும் கணையத்துக்கும் ஹார்மோன் உத்தரவு போகும், சாப்பாடு உள்ளே இறங்கினதும் ரத்தத்தில் ஏதோ ஒன்று கலந்து போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கி வைக்கும். வாய்க்கு அவ்வளவு நேரம் கிடையாது. கவளம் வாயில் இருக்கப்போவது சில நொடிகள்தான், அதற்குள் நனைய வேண்டும், வழுக்க வேண்டும், தொண்டையில் இறங்க வேண்டும். அதனால் பாலூட்டிகளில் உமிழ்நீரை வரவழைக்கிற வேலை கிட்டத்தட்ட முழுக்க நரம்பின் கையில் இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் மாதிரி சில ஹார்மோன்கள் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான்.

எந்த நரம்பு எந்தச் சுரப்பிக்குப் போகிறது?

பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் பரோடிட், பொன்னுக்கு வீங்கி வந்தால் உப்பிக்கொள்கிறதே, அதுதான். தாடைக்குக் கீழே ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. நாய்க்குக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பை ஒட்டி இன்னொன்றும் உண்டு.

மூளைத்தண்டில், முகுளமும் பான்ஸும் சேர்கிற இடத்தில், உமிழ்நீருக்கென்றே நரம்புச் செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. மேல் கூட்டத்திலிருந்து கிளம்பும் இழைகள் ஏழாவது மூளை நரம்போடு வந்து, அதன் கிளையான கார்டா டிம்பனி வழியாகத் தாடைச் சுரப்பிக்கும் நாவடிச் சுரப்பிக்கும் போகின்றன. இந்தக் கார்டா டிம்பனி நடுக்காதுக்குள் நுழைந்து செவிப்பறையின் உட்பக்கமாகக் குறுக்கே ஓடிவிட்டுத்தான் நாக்குப் பக்கம் இறங்குகிறது. காதில் அறுவை செய்துகொண்ட சிலர் நாக்கு ருசி மாறிவிட்டது என்று சொல்வது அதனால்தான். கீழ்க் கூட்டத்தின் இழைகள் ஒன்பதாவது நரம்பில் ஏறி, ஓடிக் என்கிற நரம்பு முடிச்சில் மாறி, பரோடிட்டுக்குப் போகின்றன. இவை இரண்டும் எதிர்ப்பரிவு நரம்புகள், உங்கள் புத்தகத்தில் பாராசிம்பதெடிக்.

பரிவு நரம்பு, அதாவது சிம்பதெடிக், வேறு ரூட்டில் வருகிறது. மேல் மார்புப் பகுதித் தண்டுவடத்தில் கிளம்பி, கழுத்தில் ஒரு முடிச்சில் மாறி, ரத்தக்குழாய்களை ஒட்டிக்கொண்டே எல்லாச் சுரப்பிகளுக்கும் வந்துவிடும்.

பரீட்சை ஹாலில் வாய் காய்ந்துபோகிறதே, அது பரிவு நரம்பு சுரப்பதைத் தடுப்பதால்தானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத நினைத்தேன். புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டு, இந்தப் பக்கம் 'எதிர்ப்பரிவு: உமிழ்நீரைக் கூட்டும்', அந்தப் பக்கம் 'பரிவு: உமிழ்நீரைக் குறைக்கும்' என்று அட்டவணை இருக்கும். மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கிறது, ஆனால் சுரப்பியில் நடப்பது அப்படி இல்லை.

பரிவு நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் சுரப்பி நிற்காது, சுரக்கும். வருவது கொஞ்சமாக இருக்கும், புரதம் நிறைந்து கெட்டியாக இருக்கும், ஆனால் வரும். எதிர்ப்பரிவு நரம்பைத் தூண்டினால் தண்ணீராக நிறைய வரும். ஒன்று தண்ணீர் அனுப்புகிறது, இன்னொன்று அதில் சரக்குச் சேர்க்கிறது. சாப்பிடும்போது இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. சுரப்பியில் போய் 'நிறுத்து' என்று சொல்கிற தனி நரம்பு பாலூட்டிகளில் கிடையாது.

அப்படியானால் நாக்கு ஏன் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது? பயம் வந்ததும் மூளையின் மேல்பகுதிகள் மூளைத்தண்டில் உள்ள அந்த உமிழ்நீர்க் கூட்டங்களையே அமுக்கி வைக்கின்றன. உத்தரவு போடுகிற இடத்திலேயே உத்தரவு நின்றுவிடுகிறது. பைப்பை யாரும் அடைக்கவில்லை, மோட்டாரை ஆஃப் செய்துவிட்டார்கள். தேர்வில் அட்டவணைப்படி கேட்டால் அட்டவணைப்படி எழுதிவிட்டு வாருங்கள், மார்க் முக்கியம்தான். ஆனால் மெய்யாக நடப்பது இது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

ரத்தம்தான் வடிகட்டி எச்சிலாக வருகிறது என்று தாத்தா சொல்கிறாரே?

தாத்தா மட்டுமல்ல, 1850 வரைக்கும் நிறைய அறிஞர்களும் அதையேதான் நம்பினார்கள். அதை உடைத்தவர் ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக். நாயின் தாடைச் சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டினார், எச்சில் கொட்டியது. பிறகு அந்த எச்சில் குழாயில் அழுத்தமானியை வைத்துப் பார்த்தார், எச்சிலின் அழுத்தம் அந்த நாயின் தமனி ரத்த அழுத்தத்தையே தாண்டிப் போனது. காபி வடிகட்டியில் மேலே ஊற்றுகிற தண்ணீரின் அழுத்தம்தான் டிகாக்‌ஷனைக் கீழே இறக்குகிறது, கீழே இருப்பது மேலே இருப்பதை எதிர்த்துத் தள்ள முடியாது. சுரப்பியில் தள்ளுகிறது என்றால் அங்கே வடிகட்டல் நடக்கவில்லை, செல்கள் சொந்தச் சக்தியைச் செலவழித்து நீரை இறைக்கின்றன.

கொஞ்ச வருடத்தில் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் அதே நரம்பைத் தூண்டி வேறொன்றைக் கவனித்தார். சுரப்பியிலிருந்து வெளியேறுகிற சிரை ரத்தம் கருஞ்சிவப்பிலிருந்து பளிச்சென்ற சிவப்புக்கு மாறி வேகமாக ஓடத் தொடங்கியது. நரம்பு ரத்தக்குழாயையும் விரித்துவிடுகிறது என்று 1858இல் எழுதினார். சரி, அப்படியானால் ரத்தம் அதிகம் வருவதால்தான் எச்சிலும் அதிகம் வருகிறதோ என்ற சந்தேகம் மறுபடி எழும் இல்லையா? அதற்கு 1872இல் ஹைடன்ஹைன் என்கிற இன்னொரு ஜெர்மன் அறிஞர் பதில் சொன்னார். ஊமத்தையில் இருக்கிற, வாயைக் காயவைக்கிற அட்ரோபின் என்கிற சரக்கைக் கொடுத்துவிட்டு நரம்பைத் தூண்டினார். ரத்தக்குழாய் விரிந்தது, ரத்தம் ஓடியது, எச்சில் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டும் தனித்தனி வேலைகள். ரத்தக்குழாயை விரிப்பதில் விஐபி என்கிற சிறு புரதத்துக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத மூன்று சோதனைகள் இவை.

நரம்பு முனை சொல்வதைச் செல் எப்படிக் கேட்கிறது?

எதிர்ப்பரிவு நரம்பு அசிட்டைல்கோலின் என்கிற வேதிப்பொருளை விடுகிறது, அது முக்கியமாகச் செல்லின் மேலுள்ள எம்3 என்கிற ஏற்பியில் ஒட்டுகிறது, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, குளோரைடு வெளியேறுகிறது, சோடியம் அதன் பின்னால் போகிறது, உப்பு போன இடத்துக்குத் தண்ணீரும் அக்வாபோரின் என்கிற வாசல் வழியாகப் போகிறது. பரிவு நரம்பு விடுகிற நார்அட்ரினலின் பீட்டா ஏற்பியில் ஒட்டி, செல்லில் கட்டி வைத்திருக்கிற புரதப் பொட்டலங்களை அவிழ்த்து விடுகிறது.

ஆரம்பத்தில் வருவது ரத்தம் அளவுக்கு உப்பாக இருக்கும். அது நாளம், அதாவது எச்சில் குழாய், வழியே வரும்போது நாளச் செல்கள் உப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும், தண்ணீரை விடாது. அதனால்தான் வாயில் வந்து விழுவது சப்பென்று இருக்கிறது, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் நமக்கு உடனே தெரிகிறது. மெதுவாக ஓடினால் உப்பை எடுக்க நேரம் கிடைக்கும், கொட்டினால் கிடைக்காது. வேகமாக ஊறுகிற எச்சில் சற்று உப்பாக இருப்பது அதனால்.

பாவ்லோவ் மணி அடித்தார், நாய் எச்சில் விட்டது. அவ்வளவுதானே?

ரஷ்ய அறிஞரான அவர் அதிகம் பயன்படுத்தியது மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி, பஸ்ஸர், விளக்கு மாதிரியானவை. 1904இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும் இந்தப் பழக்கச் சோதனைக்கு அல்ல, செரிமானம் பற்றிய வேலைக்கு.

அவரது ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொன்றைத்தான் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வேன். நாயின் எச்சில் குழாயைக் கன்னத்துக்கு வெளியே திருப்பி வைத்து, சொட்டுகளை அளந்தார்கள். ஈரமான இறைச்சி கொடுத்தால் கொஞ்சம் எச்சில், அதையே காயவைத்துப் பொடியாகக் கொடுத்தால் மிக அதிகம். மணலை வாயில் போட்டால் தண்ணீர் மாதிரி நிறைய வந்து மணலைக் கழுவித் தள்ளியது. வழவழப்பான கூழாங்கல்லைப் போட்டால் எச்சிலே வரவில்லை, நாய் அதை அப்படியே துப்பிவிட்டது, துப்புவதற்குத் தண்ணீர் எதற்கு? ஒரே சுரப்பி, ஒரே நரம்பு, ஆனால் வாய்க்குள் வந்தது என்ன என்று பார்த்து அளவும் தன்மையும் மாறுகிறது.

எங்கள் தெரு நாய் கருப்பி மாலையில் படிக்கட்டில் வந்து உட்காரும். நான் பிஸ்கட் டப்பாவை அலமாரியிலிருந்து எடுக்கும்போது அதன் காது மட்டும் தூக்கும். மூடி 'டப்'பென்று திறக்கிற சத்தம் கேட்டதும் வாயின் இடது ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று இறங்கி, அறுந்து விழாமல் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். பிஸ்கட்டின் வாசனை அதுவரை போய்ச் சேர்ந்திருக்க நேரமே இல்லை. அந்தச் சத்தத்துக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே கருப்பி தானாகப் போட்டுக்கொண்ட பாதை அது.

மாங்காய் பத்தையில் மிளகாய்ப்பொடி தூவுவதைப் பார்த்தாலே எனக்கும் ஊறுகிறதே?

மனிதர்களுக்குப் பார்ப்பதாலும் நினைப்பதாலும் கூடுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஏற்கெனவே வாயில் இருக்கிற எச்சிலை அந்த நேரத்தில் நாம் கவனிக்கிறோம், பாதி அதுதான். நாக்கில் மாங்காய் பட்டதும் நடப்பதே வேறு, புளிப்புதான் எல்லாச் சுவைகளிலும் அதிகம் ஊறவைப்பது. மெல்லுவதும் பெரிய தூண்டுதல். பல்லைச் சுற்றியுள்ள அழுத்த உணர்வு ஐந்தாவது நரம்பு வழியாகப் போகிறது, எந்தப் பக்கம் மெல்லுகிறோமோ அந்தப் பக்கத்துப் பரோடிட் அதிகம் சுரக்கும்.

மாடு எப்போது பார்த்தாலும் எச்சில் ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கிறதே, ஏதாவது கோளாறா?

இது பால் ஊற்றுகிற அம்மா கேட்டது. ஆரோக்கியமான பசு ஒரு நாளில் சுரக்கும் உமிழ்நீர் 100 லிட்டரைத் தாண்டும், 150 லிட்டர்கூடப் போகும். நமக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர். மாட்டின் எச்சில் நம்முடையது மாதிரி அல்ல, காரத்தன்மை உள்ளது, அதில் ஒரு நாளைக்கு இறங்குகிற சோடியம் பைகார்பனேட் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். சமையல் சோடா தெரியுமில்லையா, அதேதான். ரூமன் என்கிற முதல் வயிற்றில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கவைத்து அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால், இந்தச் சோடா இறங்கிக்கொண்டே இருந்தால்தான் வயிறு தாங்கும்.

அதற்கேற்ற மாதிரிதான் நரம்பு ஏற்பாடும். மாடு, ஆடு இவற்றின் பரோடிட் ஓய்வே இல்லாமல் சுரக்கும். செம்மறி ஆட்டில் அந்தச் சுரப்பிக்குப் போகிற நரம்பை வெட்டிவிட்டாலும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும், முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு இது ஒரு முக்கியமான விதிவிலக்கு. அதற்கு மேல் கூட்டுவதுதான் நரம்பின் வேலை. மெல்லும்போதும் அசை போடும்போதும் கூடும். வைக்கோல், ராகித் தாள் மாதிரி சொரசொரப்பானவை முதல் வயிற்றின் சுவரிலும் உணவுக்குழாய் திறக்கிற இடத்திலும் உரசினால் அந்த உணர்வு வேகஸ் நரம்பில் ஏறி மூளைத்தண்டுக்குப் போய், 'இன்னும் சோடா அனுப்பு' என்று பரோடிட்டுக்கு உத்தரவாகத் திரும்பும்.

எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு முடிந்து மீந்த சோற்றை இரண்டு அன்னக்கூடை நிறைய அந்த அம்மாவின் மாட்டுக்கு வைத்தார்கள், புண்ணியம் என்று நினைத்து ஆசையாகத்தான் வைத்தார்கள். மறுநாள் காலை மாடு அசை போடவில்லை, வயிறு தளும்புகிறது, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. சோற்றை மெல்ல வேண்டியதில்லை, அதனால் எச்சில் இறங்கவில்லை. உரசுவதற்கு நார் இல்லை, அதனால் உத்தரவும் இல்லை. மாவுச்சத்து மட்டும் மளமளவென்று நொதித்து அமிலமாகிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து வைத்தியம் பார்த்துப் பிழைத்தது. எல்லா மாடும் பிழைப்பதில்லை. தயவுசெய்து விசேஷ வீட்டுச் சோற்றைக் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டாதீர்கள். மாட்டுக்கு ஏதாவது கொடுக்க ஆசையென்றால் ஒரு கட்டுப் புல் வாங்கிப் போடுங்கள்.

குதிரைக்கும் அப்படித்தானா?

இல்லை. குதிரையின் பரோடிட் மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும், வாளியைப் பார்த்து நாய் மாதிரி ஜொள்ளு விடாது.

ஏப்ரல் வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது ஒழுகுகிறதே?

அது சாப்பாட்டு எச்சில் இல்லை, குளிர்ச்சிக்கான தண்ணீர். உடம்பு சூடேறினால் மூளையில் சூட்டைக் கவனிக்கிற ஹைபோதலாமஸ் என்கிற பகுதி அதே எதிர்ப்பரிவு நரம்பின் வழியாகச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். எலி தன் எச்சிலை எடுத்து ரோமத்தில் பூசிக்கொள்ளும், கங்காரு முன்கையை நக்கி நனைத்துக்கொள்ளும். நரம்பு ஒன்றுதான், வேலை மட்டும் வேறு. வெயிலில் இளைக்கிற நாய்க்கு வாய் வறண்டு எச்சில் பிசினாகிவிட்டால் அது ஆபத்தான கட்டம், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைத் தண்ணீரால் நனைத்து உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பூனைக்கு மாத்திரை கொடுத்தால் வாயெல்லாம் நுரை தள்ளுகிறதே, விஷமாகிவிட்டதா?

பெரும்பாலும் கசப்புதான் காரணம். கசப்பு நாக்கில் பட்டதும் கழுவித் தள்ளும் உத்தரவு போகிறது, நாயின் வாயில் மணல் பட்ட மாதிரி. சில நிமிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் கூடவே நடுக்கம், கண்மணி சுருங்குவது, பேதி என்று சேர்ந்தால் அது வேறு விஷயம், அடுத்த பதிலைப் படியுங்கள்.

எச்சிலைக் கூட்டுகிற, குறைக்கிற விஷங்கள் உண்டா?

இரண்டும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சிவனுக்குச் சாத்துகிற ஊமத்தையில் அட்ரோபினும் அதன் உறவுக்காரச் சரக்குகளும் உண்டு, அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தில் அவை உட்கார்ந்துகொள்ளும், தின்ற விலங்குக்கு வாய் காய்ந்து கண்மணி விரிந்துவிடும். இன்னொரு பக்கம் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள். அசிட்டைல்கோலினை உடைத்துத் துப்புரவு செய்கிற நொதியை அவை முடக்கிவிடும், நரம்பின் உத்தரவு நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்: எச்சில், கண்ணீர், பேதி, நடுக்கம். உண்ணி போக வேண்டுமென்று பயிருக்கு அடிக்கிற மருந்தை நாய்மேலும் மாட்டின்மேலும் ஊற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மருத்துவர் அதற்குப் போடுகிற முதல் ஊசி அட்ரோபின், ஹைடன்ஹைன் நாய்க்குக் கொடுத்த அதே சரக்கு.

எச்சில் ஒழுகினால் வெறிநோய்தானா?

இல்லை, எச்சில் ஒழுகுகிறது என்று மட்டும் பார்த்து ஒரு தெருநாயைக் கல்லால் அடித்துவிடாதீர்கள். பல்லில் சீழ், தொண்டையில் சிக்கின எலும்பு, வாந்தி வரப்போவது, காரில் குமட்டுவது, எதனாலும் ஒழுகும். வாந்திக்கு முன் ஊறுவது ஏனென்றால் வாந்தியை நடத்தும் இடமும் உமிழ்நீர்க் கூட்டங்களும் மூளைத்தண்டில் அக்கம்பக்கம்தான்.

வெறிநோயில் நடப்பது வேறு. வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறி, அங்கே பெருகி, மறுபடி நரம்பு வழியே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலை ஆள்கிற நரம்பையே எச்சிலுக்குள் வரும் வழியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் போவதால் சுரப்பது எல்லாம் வெளியே வழிகிறது. எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். நாயின் வாயில் எச்சில் வழிந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நரம்பு அறுந்தால் திரும்ப வளருமா?

வளரும், சில நேரம் முகவரி தப்பி வளரும். பரோடிட் அறுவைக்குப் பிறகு எச்சில் நரம்பு கன்னத்து வியர்வைச் சுரப்பியில் போய்ச் சேர்ந்தால், சாப்பிடும்போது கன்னம் சிவந்து வியர்க்கும். 1923இல் இதை விவரமாக எழுதிய போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே பெயரில் அதை அழைக்கிறார்கள். முக நரம்பு வாதம் வந்து தேறியவர்களில் சிலருக்கு எச்சில் இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விடும், சோற்றில் கைவைத்து வாயில் போட்டதும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியும். அழுகிறார்கள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போகிறவர்களும் உண்டு.

பூச்சிகளுக்கும் இதே கதைதானா?

பூச்சிகளில்தான் விதவிதமாக இருக்கிறது. நீல ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் நரம்பே கிடையாது, செரடோனின் என்கிற வேதிப்பொருள் ரத்தத்தில் கலந்து வந்துதான் அதைத் திறக்கிறது. கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ் இந்த ஈயின் சுரப்பியை வருடக்கணக்காக ஆராய்ந்ததுதான், செல்லுக்குள் கால்சியத்தை அவிழ்த்துவிடுகிற ஐபி3 என்கிற தூதுவனை 1980களில் அடையாளம் காண வழிவிட்டது. மேலே செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது என்று ஒரே வரியில் சொன்னேனே, மாட்டிலும் நம்மிலும் நடக்கிற அதற்கான விளக்கம் ஓர் ஈயிடமிருந்து வந்தது.

சமையலறைக் கரப்பான்பூச்சிக்கு நரம்பு உண்டு. டோபமின் விட்டால் தண்ணீரான எச்சில், செரடோனின் விட்டால் புரதம் கலந்த எச்சில், நம்முடைய இரண்டு நரம்புப் பங்கீடு மாதிரியே. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் வாதனபே, மிசுநாமி என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாசனையைக் காட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கிய கரப்பான், பிறகு அந்த வாசனைக்கே எச்சில் சுரந்தது. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ மிஸ், நம்ம வீட்டுக் கரப்பானுக்கு அம்மா அடுப்பு பத்தவைக்கிற வாசனை தெரியுமா?" தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.